700 தரத் தகடு: பட் வெல்டுக்குப் பக்கத்தில் இளகல், ஹூக் பிளேட்டில் விரிசல் – ராடு ஒன்றுதான், காரணம் என்ன?

திருவாரூர்_டிரெய்லர்:
செயின் அறுவடை மெஷின் ஏற்றும் தாழ்தள டிரெய்லர். சட்டத்துக்கு வழக்கமாக ஐ.எஸ். 2062 இ250 தகடு, 12 மி.மீ. போடுவோம். எடை குறைக்க இந்த முறை 700 மெகாபாஸ்கல் ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) உள்ள குவென்ச் அண்ட் டெம்பர் (சட்டெனக் குளிரவைத்து, மறுபடி சூடாக்கிப் பதப்படுத்திய) தகடு, 8 மி.மீ. வாங்கியிருக்கிறோம். முன்னால் இழுக்கும் ஹூக் பிளேட் அதே தரத்தில் 25 மி.மீ., அது உட்காரும் தகடு 20 மி.மீ.

சோதனைக்கு விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்த 8 மி.மீ. பட் ஜாயின்ட்டை இழுத்துப் பார்த்ததில் 665 மெகாபாஸ்கலில் அறுந்தது. ஆலைச் சான்றிதழில் தகட்டின் இழுவலிமை 815. அறுந்த இடம் வெல்டு இல்லை, அதிலிருந்து மூன்று நான்கு மி.மீ. தள்ளி. ஹூக் பிளேட்டின் மூலை வெல்டில் (ஃபில்லட்) வேறு கோளாறு. வைத்த அன்று டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போட்டால் சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் ஃபில்லட்டின் ஓரத்தை ஒட்டி 40 மி.மீ. நீளத்துக்கு மயிரிழை விரிசல்.

இரண்டுக்கும் ஹைட்ரஜன் குறைந்த 7018 வகை வெல்டிங் ராடு. பட் ஜாயின்ட்டுக்கு 4 மி.மீ. ராடு, 150 ஆம்ப், 25 வோல்ட், ஆட்டி ஆட்டி வைத்தது. நிமிடத்துக்கு 110 மி.மீ. நகர்வு. ஃபில்லட்டுக்கு 3.15 மி.மீ. ராடு. பிரீஹீட், அதாவது வெல்டுக்கு முன் தகட்டைச் சூடாக்குவது, எதுவும் இல்லை. ஓர் இடத்தில் இளகுகிறது, இன்னோர் இடத்தில் வெடிக்கிறது. ஆம்பை ஏற்றுவதா இறக்குவதா?

உலோகம்_தஞ்சை:
பட் ஜாயின்ட்டுக்கு இறக்க வேண்டும், ஹூக் பிளேட்டுக்கு ஏற்ற வேண்டும். நீங்கள் கொடுத்த விவரத்திலேயே விடை இருக்கிறது.

இந்தத் தகட்டின் வலிமை அதில் கலந்த உலோகங்களால் மட்டும் வந்ததல்ல. சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, மறுபடி 600 டிகிரி அளவில் டெம்பர் செய்ததால் வந்தது. ஆலை பார்த்துப் பார்த்துச் செய்த அந்த வேலையை ஆர்க் ஒரு குறுகிய பட்டையில் அழித்துவிட்டுத் தன் போக்கில் மறுபடி செய்கிறது. அந்தப் பட்டைதான் ஹாஸ் (ஹீட் அஃபெக்டட் ஸோன், வெல்டின் சூடு பாதித்த பகுதி).

ஹாஸ் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. வெல்டு உருகிய கோட்டை ஒட்டி 1100 டிகிரிக்கு மேல் போன இடத்தில் இரும்பின் படிக மணிகள் பெரிதாகின்றன. அந்த இடம் வேகமாகக் குளிர்ந்தால் மார்ட்டென்சைட் என்ற கடினமான, எளிதில் நொறுங்கும் அமைப்பு ஆகும். இன்னும் தள்ளி, 700–850 டிகிரி வரை மட்டும் போன இடத்தில் பழைய அமைப்பு பாதி கரைந்து, பாதி மிகையாக டெம்பர் ஆகும். மெதுவாகக் குளிர்ந்தால் இந்த இடம் இளகிவிடும். உங்கள் பட் ஜாயின்ட் அறுந்தது அங்கேதான், வெல்டிலிருந்து மூன்று நான்கு மி.மீ. என்றால் மிகச் சரியான இடம்.

எனவே ஆம்ப், வோல்ட் எல்லாம் வெறும் வழி. கட்டுப்படுத்த வேண்டியது 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு இறங்க ஆகும் நேரம். அதை டி 8/5 என்போம். இந்த வகைத் தகடுகளுக்குப் பொதுவாக 5 முதல் 15, மிஞ்சினால் 20 நொடி. சரியான எல்லையை அந்தத் தகட்டு ஆலையின் வெல்டிங் தாளில் கேட்டு வாங்குங்கள். தகடு விற்றவர் தரவேண்டிய தாள் அது.

துவாக்குடி_க்யூசி:
உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன்.

ஹீட் இன்புட் (வெல்டின் ஒவ்வொரு மி.மீட்டரிலும் இறங்கும் சூடு) = வோல்ட் × ஆம்ப் × 60 ÷ (1000 × நிமிட நகர்வு), அதை 0.8 ஆல் பெருக்க வேண்டும் (கை ராடுக்கும் மிக்–மேக் முறைக்கும் 0.8). 25 × 150 × 60 ÷ 1,10,000 = 2.05, 0.8 போட்டால் மி.மீட்டருக்கு 1.64 கிலோஜூல். 8 மி.மீ. பட் ஜாயின்ட்டில், தகடு 30 டிகிரியில் இருந்தாலே டி 8/5 சுமார் 45 நொடி வருகிறது. முதல் பாஸ் (ஓர் ஓட்டம் வெல்டு) முடிந்த சூட்டோடு, தகடு 200 டிகிரியில் இருக்கும்போது அடுத்த பாஸ் போட்டிருந்தால் 108 நொடி. 20 நொடி எல்லை எங்கே, இது எங்கே! இளகியதில் ஆச்சரியமே இல்லை.

இதே ஜாயின்ட்டை 3.15 ராடு, 115 ஆம்ப், 23 வோல்ட், நிமிடத்துக்கு 160 மி.மீ., ஆட்டாமல் நேர்ப் பீடாக (நேரான வெல்டு கோடாக) வைத்தால் 0.79 கிலோஜூல். தகடு 30 டிகிரியில் இருந்தால் பத்தரை நொடி, 100 டிகிரியில் 14 நொடி, 150 டிகிரியில் 19 நொடி. ஆகவே பாஸுக்கும் பாஸுக்கும் நடுவே 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் நேரம் ஹீட் இன்புட்டின் இருமடிக்கு ஏறும் என்பதை மறக்காதீர்கள். சூடு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு.

இப்போது ஹூக் பிளேட். 25 மி.மீட்டரும் 20 மி.மீட்டரும் சேரும் டி ஜாயின்ட், 30 டிகிரி தகடு, அதே 3.15 ராடு நேர்ப் பீடு: டி 8/5 மூன்று நொடிதான். தடித்த இரும்பு சூட்டை மூன்று பக்கமும் உறிஞ்சிவிடுகிறது. உருகு கோட்டில் கடின மார்ட்டென்சைட் உருவாகியிருக்கும். 125 டிகிரி பிரீஹீட் கொடுத்து 1.4 கிலோஜூலில் வைத்தால் ஏழு நொடிக்கு அருகில் வரும்.

மன்னை_பட்டறை:
கணக்கு நல்லா இருக்கு சார். ஆனா பட்டறைல ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு யாரும் வெல்டு வைக்க முடியாது. நாங்க ராடு நீளத்தை வெச்சுப் பார்ப்போம். 3.15 × 450 ராடு 115 ஆம்புல எரிஞ்சு முடிய 80 நொடி வரும். முழு ராடு எரிஞ்சா பீடு 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 15 சென்டிமீட்டர்லயே ராடு தீர்ந்துட்டா கை மெதுவா போகுது, சூடு ஏறுதுன்னு அர்த்தம். தகட்டுல சாக்பீஸால 20 செ.மீ. கோடு போட்டுக் கொடுத்துட்டா புதுப் பையன்கூட கரெக்டா வைப்பான்.

இன்னொண்ணு, கரண்ட். குறுவை சீசன்ல பம்புசெட் எல்லாம் ஓடுறப்ப கிராமத்து லைன்ல வோல்டேஜ் விழும். பழைய ஆயில் செட்டுல (எண்ணெய்ல குளிர்ற வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர்) நாப்ல 115னு இருந்தாலும் ஆர்க்குல வர்றது 90தான். 7018 ஒட்டும், அணையும். வெல்டர் ஆர்க்கை நீட்டிப் பிடிப்பார், நீட்டினா காத்தும் ஈரமும் உள்ளே போகும். ஆயில் செட்டா இருந்தா ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (ஆர்க் பிடிக்காதப்ப இருக்கிற வோல்ட்) 70க்குக் குறையாம இருக்கணும், இல்லைன்னா டிசி இன்வெர்ட்டர், ராடு பாசிட்டிவ்ல. கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்த்த ஆம்பை மட்டும் நம்புங்க.

உலோகம்_தஞ்சை:
ராடு நீளக் கணக்கு மிகச் சரியான முறை, அண்ணே. ஐரோப்பியத் தரநூல்களிலேயே இந்த முறைக்கு இடம் உண்டு.

விரிசலுக்கு வருவோம். மூன்றாம் நாள் தெரிந்தது என்றால் அது ஹைட்ரஜன் விரிசல். அதற்கு மூன்றும் ஒன்றுசேர வேண்டும்: கடினமான அமைப்பு, இழுவிசை, ஹைட்ரஜன். கடினத்தைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது. இழுவிசையை நீங்கள் சேர்க்கவே வேண்டாம், 25 மி.மீ. தகடு அசையாமல் பிடித்துக்கொள்ள, சுருங்கும் வெல்டே அதை உண்டாக்கும். மிஞ்சுவது ஹைட்ரஜன். அது ராட்டின் பூச்சில் இருக்கும் ஈரத்திலிருந்தும், தகட்டில் இருக்கும் துரு, பெயின்ட், கிரீஸிலிருந்தும் வரும். உருகிய இரும்பில் கரைந்து, குளிர்ந்தபின் ஹாஸுக்குள் ஊர்ந்து சேர நேரம் எடுக்கும். அதனால்தான் அன்றைக்குச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. உயர்வலிமைத் தகட்டில் கடைசி வெல்டு முடிந்து 48 மணி நேரம் கழித்துத்தான் விரிசல் சோதனை செய்ய வேண்டும்.

திருவாரூர்_டிரெய்லர்:
ராடு புதுப் பெட்டி சார். அன்று காலையில்தான் பிரித்தது. அதற்கும் ஓவன் வேண்டுமா?

துவாக்குடி_க்யூசி:
காற்றுப் புகாமல் வெற்றிடமாக அடைத்த பாக்கெட் என்றால் பிரித்தவுடன் நேரே பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் சுற்றிய சாதாரண அட்டைப்பெட்டி என்றால் கண்டிப்பாக பேக் செய்ய வேண்டும். தயாரிப்பாளர் பெட்டியில் அச்சிட்ட வெப்பநிலைதான் விதி. 7018க்குப் பெரும்பாலும் 300–350 டிகிரியில் இரண்டு மணி நேரம். பிறகு 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் வைத்து, கையில் தூக்கும் சூட்டுக் குடுவையில் பத்துப் பத்தாக எடுக்க வேண்டும். வெளியே எடுத்த சாதா 7018க்கு அமெரிக்க வெல்டிங் கழகத்தின் டி1.1 விதி தரும் நேரம் நான்கு மணி. 700 தரத் தகட்டில் அவ்வளவு கூட விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாகப்பட்டினம், திருவாரூர் பக்கக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஒரு மணி நேரமே அதிகம்.

100 கிராம் வெல்டில் 5 மி.லி.க்கு மேல் ஹைட்ரஜன் கூடாது என்பது இத்தகைய தகடுகளுக்கான வழக்கமான வரம்பு. பெட்டியில் அந்த வரம்பைக் குறிக்கும் எச்5 போட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரண வேலைக்குப் போடும் 6013 ராட்டை, டேக் (தகட்டைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) வைக்கக்கூடத் தொடாதீர்கள். அதன் பூச்சு இயல்பிலேயே ஈரம் பிடித்தது, ஹைட்ரஜன் பல மடங்கு.

மழைநாளில் தகட்டையும் காய வைக்க வேண்டும். எல்.பி.ஜி. பர்னரைக் காட்டியதும் முதலில் தகடு வியர்க்கும். அது தகட்டிலிருந்து வரும் நீர் அல்ல, கேஸ் எரிந்து வரும் ஆவி குளிர்ந்த இரும்பில் படிவது. அது மறைந்த பிறகும் சூடாக்க வேண்டும். பலர் வியர்வை கண்டவுடன் பர்னரை எடுத்துவிட்டு வெல்டு வைக்கிறார்கள். அது எதுவுமே செய்யாததைவிடக் கெடுதல். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் குறித்த பிரீஹீட்டுக்கு மேல் 25 டிகிரி கூட்டச் சொல்கின்றன தகட்டு ஆலைகள்.

கும்பகோணம்_பாடி:
ஒரு மாற்றுக் கருத்து. 700 தகட்டுக்கு 7018 போட்டதே தவறு என்பேன். 7018இன் இழுவலிமை 490தான். வலிமை கூடிய 11018-எம் ராடு போட்டால் 760 கிடைக்கும். எல்லா ஜாயின்ட்டுக்கும் அதையே போடுங்கள், தகட்டுக்குச் சமமாக இருக்கும்.

உலோகம்_தஞ்சை:
பாதி ஒத்துக்கொள்கிறேன். சட்டத்தின் அடிப் பட்டையில் வரும் பட் ஜாயின்ட் முழு இழுவிசையையும் தாங்குகிறது. அதற்கு 11018-எம் சரி. ஆனால் சோதனைத் துண்டு அறுந்தது வெல்டில் இல்லையே? மெல்லிய தகட்டில் வெல்டின் மேடும் தகட்டின் உலோகம் கலந்ததும் 7018ஐக் கைதூக்கிவிட்டன; ஹாஸ் தோற்றது. இன்னும் வலுவான ராடு போட்டால் ஹாஸ் மாறாது. முதலில் சூட்டைக் குறைக்க வேண்டும், பிறகுதான் ராடு.

மற்ற ஃபில்லட்டுகளுக்கு 7018 தான் மேல். வலிமையான வெல்டு உலோகம் என்றால் மிச்ச இழுவிசையும் அதிகம், ஹைட்ரஜனுக்கு அஞ்சும் குணமும் அதிகம். வலிமை போதவில்லை என்றால் ஃபில்லட்டின் காலை (தகட்டின் மேல் வெல்டு படரும் அளவு) 6 மி.மீட்டரிலிருந்து 8 ஆக்கிக் கணக்குப் பார்க்கலாம். பட் ஜாயின்ட்டிலேயே வேர்ப் பாஸை (அடியில் வைக்கும் முதல் பாஸ்) 7018இல் வைத்து, மேல்பாஸ்களை 11018-எம்மில் முடிப்பது நல்ல வழக்கம். வேர்தான் முதலில் வெடிக்கும் இடம்.

இளகிய பட்டை இருந்தாலே ஜாயின்ட் போச்சு என்றும் எண்ண வேண்டாம். பட்டை தகட்டின் தடிமனைவிட நன்றாகக் குறுகி இருந்தால், இரு பக்கமும் உள்ள வலுவான இரும்பு அதை இளைக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். 20 மி.மீ. தகட்டில் 3 மி.மீ. இளகல் இழுவைச் சோதனையில் தெரியவே தெரியாது. 8 மி.மீ. தகட்டில் 5 மி.மீ. இளகல் தெரியும். மெல்லிய தகட்டில் சூட்டுக் கட்டுப்பாடு இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

திருவாரூர்_டிரெய்லர்:
கையடக்க ஹார்ட்னஸ் மீட்டரால் வெல்டுக்குப் பக்கத்தில் அளந்தேன். இளகியதாகக் காட்டவில்லை. எண் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது.

துவாக்குடி_க்யூசி:
லீப் வகை மீட்டர் அது. குண்டு மோதித் திரும்பும் வேகத்தை அளக்கிறது. 25 மி.மீட்டருக்கு மெல்லிய தகட்டில், கீழே கனமான அடை இல்லாமல், தகடே அதிர்ந்து எண்ணைக் கெடுக்கும். மேலும் அதன் குண்டு 3 மி.மீ.; நீங்கள் தேடும் பட்டையே அவ்வளவுதான். குறுக்கே அறுத்து, பாலிஷ் போட்டு, நைட்டால் அமிலக் கரைசலில் அரித்து, விக்கர்ஸ் கடினச் சோதனையில் 10 கிலோ சுமை வைத்து அரை மி.மீ. விட்டு அரை மி.மீ. அளக்க வேண்டும். 700 தரத் தகடு 260–280 இருக்கும். இளகல் தொட்ட இடத்தில் அது இறங்குவதும், உருகு கோட்டில் ஏறுவதும் ஒரே வரைபடத்தில் தெரியும். ஐ.எஸ்.ஓ. 15614-1 இந்த வகைத் தகட்டுக்குச் சூட்டுச் சிகிச்சை இல்லாத வெல்டில் 450 வரை விடுகிறது. சாதாரண இரும்புக்கு 380. ஹூக் பிளேட் துண்டையும் அறுத்து அளந்துபாருங்கள்.

மன்னை_பட்டறை:
ஹூக் பிளேட்டை மொத்தமா சூடாக்கி ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ணிட்டா (உள்ளே மிச்சமிருக்கிற இழுவிசையைத் தணிச்சுட்டா) விரிசல் பயம் இல்லைன்னு திருச்சி பாய்லர் வேலை பார்த்த வெல்டர் ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

உலோகம்_தஞ்சை:
வேண்டாம். பாய்லரில் பி91 என்ற குரோமியக் கலப்பு இரும்புக் குழாய்க்கு வெல்டு முடிந்ததும் 760 டிகிரி வரை சூட்டுச் சிகிச்சை கட்டாயம். இல்லாவிட்டால் அது நொறுங்கும். அந்தப் பழக்கம் அங்கே உயிர்காக்கும். இந்தத் தகடு 600 டிகிரி அளவில் டெம்பர் ஆனது. அதற்கு மேல் போனால் ஹாஸ் மட்டுமல்ல, தகடு முழுவதும் வலிமை இழக்கும். தவிர்க்கவே முடியாது என்றால் ஆலை டெம்பர் செய்த வெப்பநிலைக்குக் குறைந்தது 25–30 டிகிரி கீழே நிற்க வேண்டும். டிப்பர் தளத்துக்குப் போடும் 400, 450 பிரினெல் கடினம் உள்ள தேய்மானத் தகடுகளோ 250 டிகிரியைத் தாண்டினாலே இறங்கத் தொடங்கும்; அவற்றுக்கு இந்தப் பேச்சே கிடையாது.

உங்களுக்கு வேண்டியது ஹைட்ரஜனை வெளியேற்றுவது மட்டும். வெல்டு முடிந்ததும் ஆற விடாமல் 150–200 டிகிரியில் இரண்டு மணி நேரம் பிடித்து, கல்நார் இல்லாத செராமிக் கம்பளி போர்த்தி மெதுவாக ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றுவது, ஈரச் சாக்கு போடுவது எல்லாம் கூடவே கூடாது.

நாகை_சிவில்:
இழை கொஞ்சம் விலகினாலும் கேட்கிறேன். வீட்டுத் தூணில் ஃபே 500டி தரத்து டிஎம்டி கம்பியை வெல்டு வைத்து நீட்டலாமா? ஸ்டிரப்பை (தூண் கம்பிகளைச் சுற்றிவரும் வளையக் கம்பி) டேக் அடிப்பது இங்கே எல்லா இடத்திலும் நடக்கிறது.

துவாக்குடி_க்யூசி:
டிஎம்டி கம்பியும் இதே குடும்பம்தான். வெளித் தோல் டெம்பர் ஆன மார்ட்டென்சைட், உள்ளே மென்மையான ஃபெரைட்–பெர்லைட். வலிமையின் பெரும்பங்கு அந்தத் தோலில். நீண்ட சூடு தோலை இளக்கும். டேக் அடிப்பதோ நேர்மாறு: ஒரு நொடிப் பொட்டு, உடனே குளிர்வு, அந்த இடம் கண்ணாடிபோல் ஆகிவிடும். வளையும்போது அங்கிருந்தே உடையும். ஸ்டிரப்பைக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள், டேக் வேண்டவே வேண்டாம்.

நீட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் சான்றிதழைப் பாருங்கள். ஐ.எஸ். 1786 சொல்வது: கலப்பு உலோகம் சேர்க்காத கம்பியில் கார்பன் + மாங்கனீசு/6 என்பது 0.42க்குள், மைக்ரோ அலாய் கம்பியில் கார்பன் + மாங்கனீசு/6 + (குரோமியம் + மாலிப்டினம் + வனேடியம்)/5 + (நிக்கல் + செம்பு)/15 என்பது 0.53க்குள். சான்றிதழே இல்லாத கம்பிக்கு வெல்டு இல்லை. ஓவர்லேப் கொடுக்க இடமில்லாத தூணில் ஐ.எஸ். 16172 தரத்து மெக்கானிக்கல் கப்ளர் போடுவது நல்லது. சூடே வேண்டாம்.

உலோகம்_தஞ்சை:
டிரெய்லருக்குத் திரும்புகிறேன். யாரும் இன்னும் தொடாத ஒன்று இருக்கிறது, என் பார்வையில் அதுதான் பெரியது: ஃபட்டீக், திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் சோர்ந்து வெடிப்பது.

700 தகடு போட்டதால் சட்டத்தின் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். நிலையான சுமைக்குச் சரி. ஆனால் மெஷினை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் பாலமும் வயல் வரப்புமாகக் குதித்துப்போகும் வண்டியை உடைப்பது திரும்பத் திரும்ப வரும் அழுத்தம். அது வெல்டின் கால்விரலில், அதாவது வெல்டு தகட்டைத் தொடும் ஓரத்தில், இருக்கும் நுண்பிளவிலிருந்து விரிசலை வளர்க்கும். வெல்டு வைத்தபடியே விட்ட ஜாயின்ட்டில் அந்த வளர்ச்சி இ250 தகட்டிலும் 700 தகட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சர்வதேச வெல்டிங் கழகத்தின் பரிந்துரையில் குறுக்கே ஒட்டிய துண்டுக்கு 80 என்ற வகுப்புதான் (இருபது லட்சம் சுற்று தாங்கும் அழுத்த வீச்சு, மெகாபாஸ்கலில்), எந்த இரும்பாக இருந்தாலும். நீளவாக்கில் ஒட்டிய துண்டு 300 மி.மீட்டருக்கு மேல் நீண்டால் 50.

12 மி.மீ. தகட்டை 8 ஆக்கியதும் அழுத்த வீச்சு ஒன்றரை மடங்கு ஆகிறது. ஆயுள் அந்த வீச்சின் மும்மடிக்குக் குறையும்: 1.5 × 1.5 × 1.5 = 3.4. பழைய டிரெய்லர் பத்து வருடம் தாங்கியது என்றால் அதே வடிவத்தில் புதியது மூன்று வருடம்.

அதனால் வடிவத்தை மாற்றுங்கள். குறுக்குச் சட்டங்களை அடிப் பட்டையில் ஒட்டாமல், சட்டத்தின் செங்குத்துத் தகட்டின் (வெப்) நடு உயரத்தில் சேருங்கள். அடிப் பட்டையின் விளிம்பில் எந்தத் துண்டும், விளக்கு பிராக்கெட்கூட, வெல்டு வேண்டாம். பட் ஜாயின்ட்டை நடு நீளத்திலிருந்து தள்ளிக் கால்வாசி தூரத்துக்குக் கொண்டுபோங்கள். தவிர்க்க முடியாத இடத்தில் வெல்டின் கால்விரலை பர் கிரைண்டரால் தகட்டுக்குள் அரை மி.மீ. ஆழம் வரை தேய்த்து வழவழப்பாக்குங்கள். தேய்ப்புக் கோடு அழுத்தத்தின் திசையில் ஓட வேண்டும்.

கும்பகோணம்_பாடி:
கால்விரல் தேய்ப்பதை நானும் வலியுறுத்துகிறேன். கூடவே கேஸ் கட்டிங் ஓரத்தை 1 மி.மீ. கிரைண்ட் செய்துவிட்டு வெல்டு வையுங்கள், அந்த ஓரம் கடினமாக இருக்கும். தகட்டின் மேல் ராட்டைத் தட்டி ஆர்க் பிடிக்க விடாதீர்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு கடினப் பொட்டு. டேக் 50 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது, குறைந்தால் சட்டென்று குளிர்ந்து வெடிக்கும். இடைவெளி 3 மி.மீட்டருக்குள். மிக்கில் வைப்பதானால் ஆடிக் காற்றில் திறந்த கொட்டகை ஆகாது; மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் கேஸ் போர்வை பிய்ந்துவிடும்.

திருவாரூர்_டிரெய்லர்:
ஹூக் பிளேட்டின் விரிசலை அப்படியே மேலே வெல்டு வைத்து மூடலாமா? பிரீஹீட்டை எங்கே அளப்பது?

துவாக்குடி_க்யூசி:
மூடினால் உள்ளே இருக்கும் விரிசல் மறுபடி மேலே வரும். ஃபில்லட்டை முழுவதுமாகக் கிரைண்டரில் எடுங்கள். டை பெனட்ரன்டில் கோடு முற்றிலும் மறைந்த பிறகும் இன்னும் 2 மி.மீ. எடுங்கள். தகட்டுக்குள் விரிசல் 5 மி.மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தத் தகட்டையே மாற்றுவது மேல், இழுக்கும் கொக்கி அல்லவா.

மறு வெல்டுக்கு பிரீஹீட் 150 டிகிரி, பாஸ் இடையே உச்சம் 200. இரு தகடுகளையும், ஜாயின்ட்டிலிருந்து 75 மி.மீ. தூரம்வரை சூடாக்க வேண்டும். பர்னரை எடுத்து இரண்டு நிமிடம் விட்டு, சுடர் காட்டாத பக்கத்தில் டெம்ப் ஸ்டிக் (குறித்த வெப்பநிலையில் உருகும் குச்சி) தேய்த்துப் பாருங்கள். சுடர் பட்ட முகத்தில் அளந்தால் ஏமாற்றும். வேலையை நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வேண்டாம். கரண்ட் போகும் நேரம் தெரிந்தால் ஜெனரேட்டர் தயாராக இருக்கட்டும்.

பட் ஜாயின்ட்டுக்குப் புதிய சோதனைத் துண்டு போடும்போது ஒவ்வொரு தகடும் 150 மி.மீ. அகலம், 350 மி.மீ. நீளத்துக்குக் குறையக் கூடாது. சிறியதாக வெட்டினால் சூடு போக இடமின்றிக் குளிர்வு மெதுவாகும், உண்மையான சட்டத்தைவிட மோசமாகக் காட்டும். இரண்டு இழுவைத் துண்டு, நான்கு வளைவுத் துண்டு, ஒரு குறுக்கு வெட்டு கடினச் சோதனை கேளுங்கள். திருச்சி பெல் வளாகத்தில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். எடுத்துப்போகும்போது ஆலைச் சான்றிதழின் நகலும், ஒவ்வொரு பாஸின் ஆம்ப், வோல்ட், பீடு நீளம், பாஸ் இடை வெப்பநிலை எழுதிய தாளும் கூட இருக்கட்டும்.

திருவாரூர்_டிரெய்லர்:
3.15 ராடு, 115 ஆம்ப், 20 செ.மீ. பீடு, பாஸ் இடையே 100 டிகிரி: இந்தக் கணக்கில் 8 மி.மீ. துண்டு வைக்கிறேன். வேருக்கு 7018, மேலே 11018-எம். வீ கோணம் 60 டிகிரி போதுமா?

கும்பகோணம்_பாடி:
போதும். வேர் முகம் (அடியில் சரிக்காமல் விடும் விளிம்பு) 1 மி.மீ., இடைவெளி 2.5. பின்பக்கம் கிரைண்ட் செய்து ஒரு பாஸ் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், கோணலும் குறையும். 11018-எம்முக்கும் ஓவன் அதேதான். வெளியே எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் எரித்துவிடுங்கள்.